மார்க் நன்றாக வாங்கும் பிள்ளை அடிக்கடி லீவ் போட்டால் என்ன?

ஏழாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகன் ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து அரையாண்டுத் தேர்வு நெருங்கும் இந்த நேரம் வரை 14 நாள் பள்ளிக்குப் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் காய்ச்சல், இரண்டு கல்யாணம், குலதெய்வக் கோயிலில் ஆடித் திருவிழா, சில திங்கட்கிழமைகளில் வயிற்றுவலி. மார்க் குறையவில்லை. ஆனாலும் வகுப்பாசிரியர் ஒவ்வொரு முறையும் போன் போட்டு விசாரிக்கிறார், லீவ் லெட்டர் கேட்கிறார். ஒரு நாள் லீவுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி, சட்டப்படி பிரச்சினை ஏதும் வருமா, லண்டனில் இருக்கும் நாத்தனார் அங்கே அபராதமே போடுவார்கள் என்கிறாரே என்பது உங்கள் கேள்வி. நான் புரிந்துகொண்டது இது: நன்றாகப் படிக்கிற பிள்ளை சில நாள் வராமல் போவதில் உண்மையாகவே இழப்பு இருக்கிறதா, அல்லது பதிவேட்டுக்காகப் பள்ளி தரும் தொந்தரவா? அரசு நடுநிலைப் பள்ளியில் வகுப்பாசிரியராகவும் பின்னர் தலைமை ஆசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன். தனியார் பள்ளிகளின் உள் நடைமுறைகளில் எனக்குப் பழக்கம் குறைவு. மருத்துவம் என் துறை அல்ல. அந்த இரண்டு எல்லைகளையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம், அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பள்ளியில் சேர்வதையும், தொடர்ந்து வருவதையும், எட்டாம் வகுப்பை முடிப்பதையும் உறுதிசெய்யும் கடமையை அரசின் மேல்தான் சுமத்துகிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் லீவ் போட்டதற்காகப் பெற்றோருக்கு அபராதம் விதிக்கும் பிரிவு எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சி தொடர்வதால், வருகை குறைந்தது என்று உங்கள் மகனை அதே வகுப்பில் உட்கார வைக்கவும் மாட்டார்கள். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 10, 12ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். அந்தக் கவலை உங்களுக்கு இப்போது இல்லை. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்லும்போது, பெற்றோரைத் தொடர்ந்து சந்தித்துப் பிள்ளையின் வருகையைப் பற்றித் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆகவே உங்கள் வகுப்பாசிரியர் போன் செய்வது அவர் செய்தே ஆக வேண்டிய வேலை. பல பள்ளிகளில் ஆள் பற்றாக்குறையால் இது நடப்பதில்லை. நடக்கிற பள்ளி உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

நாத்தனார் சொன்னதும் சரிதான். இங்கிலாந்தில் 10 பள்ளி வாரங்களுக்குள் அனுமதியில்லாமல் 10 அரைநாள், அதாவது 5 நாள் வராமல் போனால், அபராதம் விதிப்பது பற்றிப் பள்ளி யோசித்தாக வேண்டும். 2024 ஆகஸ்ட் முதல் அந்தத் தொகை 80 பவுண்டு. 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. தாய்க்குத் தனி, தந்தைக்குத் தனி, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி. இங்கே அப்படி ஒன்று வருவதை நான் விரும்பமாட்டேன். என் பள்ளியில் பிள்ளைகள் அதிகம் வராமல் போன வீடுகள் பெரும்பாலும் தினக்கூலி வீடுகள். அங்கே அபராதம் போட்டால் பிள்ளை பள்ளிக்கு வராது, அபராதம் கட்ட அதுவும் வேலைக்குப் போகும்.

அபராதம் இல்லை, தேர்ச்சிக்கும் ஆபத்தில்லை என்றால் லீவைப் பள்ளிக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? இந்தப் பதிலில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இங்கேதான் இருக்கிறது. என் பள்ளியில் ஒரு பையன் தினமும் காலையில் சீருடை போட்டுப் பையோடு வீட்டிலிருந்து கிளம்புவான், சாயங்காலம் நேரத்துக்குத் திரும்புவான். இடையில் ஏரிக்கரையில் இருந்த பம்புசெட் நிழலில் உட்கார்ந்திருப்பான். வீட்டில் பள்ளிக்குப் போகிறான் என்று நினைத்தார்கள். பள்ளியில், அந்த வீட்டில் எப்போதுமே சொல்லாமல்தான் லீவ் போடுவார்கள், காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தார்கள். நாட்கள் போயின. பெரிய வகுப்புப் பையன்கள் சிலர் வழியில் மடக்கிக் காசு பிடுங்கியதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அவனுக்கு வேறு ஆபத்து எதுவும் நேராமல் போனது தெய்வச் செயல். வீட்டு வாசலிலிருந்து வகுப்பறை வரைக்கும் உள்ள அந்த அரை மணி நேரத்தில் பிள்ளைக்கு என்ன ஆனாலும் பெற்றோருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. நீங்கள் ஒவ்வொரு லீவையும் காலையிலேயே சொல்லிவிடுகிற வீடாக இருந்தால், சொல்லாமல் உங்கள் பிள்ளை வராத ஒரே ஒரு நாளில் ஆசிரியர் 10 மணிக்குள் பதறிப் போன் செய்வார். சொல்லும் பழக்கம் இல்லாத வீடென்றால், அந்த நாளும் மற்ற நாட்களைப் போலவே ரிஜிஸ்டரில் ஏறிக் கடந்துபோய்விடும். காய்ச்சல் என்று நீங்கள் அனுப்பும் ஒரு வரிச் செய்தி அன்றைய காய்ச்சலை மட்டும் சொல்வதில்லை. காய்ச்சல் இல்லாத நாளில் பிள்ளை வராவிட்டால் அது அசாதாரணம் என்பதையும் சேர்த்தே சொல்லிவைக்கிறது.

காரணம் சொல்லாத லீவ் எங்கே போய் முடியும் என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. முன்னறிவிப்பும் காரணமும் இல்லாமல் 45 நாளோ அதற்கு மேலோ வராத பிள்ளையைப் பள்ளி செல்லாக் குழந்தையாகக் கணக்கிடுவது மத்திய அரசின் வரையறை. நடைமுறையில் 45 நாள் என்பது மிகவும் தாமதம். அதற்குள் பிள்ளை கடையிலோ தறியிலோ பேக்கரியிலோ வேலைக்குச் சேர்ந்து, கையில் கொஞ்சம் காசும் பார்த்திருக்கும். காசு பார்த்த 13 வயதுப் பையனைத் திரும்ப வகுப்பில் உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வேலையைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். முதல் வாரத்தில் வீட்டுக்குப் போய் விசாரித்தால் பெரும்பாலானவர்கள் திரும்பி வருவார்கள், மூன்றாவது மாதம் போனால் வீடே பூட்டியிருக்கும். 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வை சுமார் 50,000 பேர் எழுத வரவில்லை என்ற செய்தி எல்லோரையும் அதிர வைத்தது நினைவிருக்கும். தேர்வு பயம்தான் காரணம் என்று டி.வி.யில் பேசினார்கள். பள்ளியில் இருந்தவர்களுக்கு அது ஒரே காரணமாகத் தெரியவில்லை. கொரோனாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் வகுப்புக்கே வராமல், பெயர் மட்டும் பட்டியலில் இருந்த பிள்ளைகள் அதில் நிறைய. வராத தேர்வு ஒரே நாளில் வெளியே தெரிந்தது. வராத வகுப்புகள் யார் கண்ணிலும் படாமல் அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கியிருந்தன.

இப்போது உங்கள் 14 நாளுக்கு வருகிறேன். 6 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாள் வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை (1 முதல் 5 வரை 200). உலகில் பல இடங்களில் 10 சதவீத நாட்களுக்கு மேல் வராத பிள்ளையைக் கவனிக்க வேண்டிய பிள்ளையாகக் குறித்துவைக்கிறார்கள். இங்கிலாந்து முன்பு 15 சதவீதமாக வைத்திருந்த எல்லைக்கோட்டை 2015இல் 10 ஆகக் குறைத்தது. 220இல் 10 சதவீதம் என்றால் 22 நாள், மாதத்துக்கு இரண்டு நாள்தான். ஜூனிலிருந்து இதுவரை சுமார் 100 நாள் பள்ளி நடந்திருக்கும், ஆகவே உங்கள் மகன் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டான். இந்த 10 சதவீதம் கல்லில் பொறித்த கணக்கல்ல. 9 சதவீதம் என்றால் பாதுகாப்பு, 11 என்றால் ஆபத்து என்று யாரும் நிரூபிக்கவில்லை. நேரத்தோடு விழித்துக்கொள்ள வைத்துக்கொண்ட ஓர் அடையாளம், அவ்வளவுதான். அதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது வேறு. உங்களுக்கு அந்த 14 என்ற எண் தெரிந்திருக்கிறது. பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாது. 'எப்பவாவது ஒரு நாள் டீச்சர்' என்பார்கள், ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினால் திகைத்துப் போவார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டாட் ரோஜர்ஸ் என்பவர் இதையே சோதித்துப் பார்த்தார். பிள்ளை இதுவரை மொத்தம் எத்தனை நாள் வரவில்லை என்பதை மட்டும் அவ்வப்போது தபாலில் பெற்றோருக்குத் தெரிவித்தார்கள். மிரட்டலும் இல்லை, அபராதமும் இல்லை. தபால் போன வீடுகளில், அளவுக்கு மீறி லீவ் போடும் பிள்ளைகளின் எண்ணிக்கை 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. 2018இல் வெளிவந்த அந்த ஆய்வைப் படித்தபோது, மொத்த எண்ணிக்கையை மார்க் பட்டியலில் மூலையில் சிறிதாகப் போடாமல் பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்வதற்கு எவ்வளவு அர்த்தம் இருக்கிறது என்று தோன்றியது.

மார்க் குறையவில்லையே என்கிறீர்கள். நியாயமான வாதம்தான். வருகை குறைந்த பிள்ளைகள் படிப்பில் பின்தங்குகிறார்கள் என்பது திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட உண்மை. ஆனால் வராததால்தான் பின்தங்கினார்களா, அல்லது வறுமை, நோய், வீட்டுச் சண்டை என்று இரண்டுக்கும் பொதுவான காரணம் ஒன்று பின்னால் இருந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். எந்த அளவு எதனால் என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போவதில்லை. நான் வகுப்பறையில் பார்த்ததைச் சொல்கிறேன். வரலாறு, அறிவியலில் ஒரு பாடம் போனால் கெட்டிக்காரப் பிள்ளை புத்தகத்தைப் படித்து ஈடுகட்டிவிடும். கணக்கில் அப்படி நடப்பதில்லை. குறை எண்களைக் கூட்டுவதும் கழிப்பதும் நடத்திய இரண்டு நாள் வராத பிள்ளை, விதியை நண்பனின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளும், தேர்வில் மார்க்கும் வாங்கிவிடும். ஏன் அப்படி என்பது உள்ளே இறங்கியிருக்காது. எட்டிலும் ஒன்பதிலும் சமன்பாடு வரும்போது அந்த ஓட்டை தெரியும். அப்போது 'இவனுக்குக் கணக்கு வராது' என்று எல்லோரும் சொல்வார்கள், அவனும் நம்பிவிடுவான். ஏழாம் வகுப்பு மார்க் இதைக் காட்டாது. வகுப்பில் குழுவாகப் பேசுவது, பரிசோதனை செய்து பார்ப்பது, பக்கத்தில் இருப்பவனோடு சண்டை போட்டுச் சமாதானமாவது எல்லாம் நோட்டில் ஏறாதவை. நாலு நாள் கழித்து வரும் பிள்ளை விளையாட்டு அணியில் தன் இடத்தில் வேறொருவன் நிற்பதைப் பார்க்கும். அடுத்த நாள் பள்ளிக்கு வராமலிருக்க அது ஒரு காரணமாகிவிடும்.

நோய்க்காக வீட்டில் வைத்துக்கொள்வதை ஒருபோதும் குற்றமாக நினைக்காதீர்கள். மருந்து கொடுக்காமலேயே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லை என்றான பிறகு அனுப்புவது நல்லது. சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்ட வேண்டும். மூன்று தண்ணீர் ஊற்றி முடித்தாகிவிட்டது என்று அனுப்புவார்கள். தண்ணீர் ஊற்றுவது உங்கள் நம்பிக்கை, நான் அதில் குறுக்கிடவில்லை, ஆனால் பார்க்க வேண்டியது பொருக்கை. பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் தொடங்கியதிலிருந்து 5 நாள். மெட்ராஸ் ஐ வந்தால் கண்ணில் நீரும் பூளையும் நிற்கிற வரை. சளி மட்டும் இருக்கிறது, காய்ச்சல் இல்லை, ஓடியாடுகிறான் என்றால் அனுப்பலாம். தலையில் பேன் இருக்கிறது என்று பெண் பிள்ளைகளை நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு லீவே தேவையில்லை, சாயங்காலம் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். இவை பொதுவான வழிகாட்டல்கள். உங்கள் பிள்ளையைப் பார்த்த மருத்துவர் வேறு சொன்னால் அவர் சொல்வதே சரி. தொற்று நோய் என்றால் இன்ன நோய் என்று பள்ளிக்குக் கட்டாயம் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் வீட்டில் கர்ப்பிணி இருக்கலாம், கைக்குழந்தை இருக்கலாம்.

உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒன்றுதான் என்னை நிறுத்தியது: 'சில திங்கட்கிழமைகளில் வயிற்றுவலி.' கல்யாணத்தையும் திருவிழாவையும் விட இதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன். காலை 8 மணிக்கு வந்து, லீவ் என்று முடிவானதும் 10 மணிக்கு மறைந்துபோகிற வலி நடிப்பு என்று முடிவுகட்டி அடிக்காதீர்கள். பயம் இருக்கும்போது பிள்ளைக்கு உண்மையாகவே வயிறு வலிக்கும். முதலில் மருத்துவரிடம் காட்டி உடலில் ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு திங்கட்கிழமை கால அட்டவணையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முதல் பீரியட் எந்தப் பாடம், வாரத் தேர்வு அன்றைக்கா, கழிவறையில் யாராவது வம்பு செய்கிறார்களா, ஆசிரியர் யாராவது அடிக்கிறாரா அல்லது கேவலமாகப் பேசுகிறாரா? அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது, அதைப் பற்றித் தலைமை ஆசிரியரிடம் பேச நீங்கள் தயங்க வேண்டியதில்லை. நேராக 'யாராவது அடிக்கிறாங்களா?' என்று கேட்டால் பிள்ளை இல்லை என்றுதான் சொல்லும். சாப்பிடும்போதோ வண்டியில் போகும்போதோ, 'உங்க கிளாஸ்ல திங்கக்கிழமை யாருக்குமே பிடிக்காதாமே?' என்கிற மாதிரி பேச்சை எடுத்துப் பாருங்கள். காரணத்தைத் தேடும் அதே நேரத்தில் வீட்டில் தங்குவது நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் வீட்டில் இருந்தால் பயம் குறையும் என்று தோன்றும், பெரும்பாலும் கூடத்தான் செய்கிறது. முடியாவிட்டால் வகுப்பாசிரியரோடு பேசிச் சில நாள் அரைநாளாவது அனுப்புங்கள். இது வாரக்கணக்கில் நீண்டால் குழந்தை மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம், என் அனுபவம் அங்கே போதாது.

உங்கள் வீட்டுக்குப் பொருந்தாவிட்டாலும், இதைப் படிக்கும் வேறு சிலருக்காக இரண்டு விஷயம். காலாண்டு விடுமுறை முடிந்து திரும்பாத பெண் பிள்ளையைப் பற்றி, 'பாட்டி வீட்டில் இருக்கிறாள்' என்று பதில் வந்தால், அவளுடைய தோழிகளிடம் மெதுவாகக் கேளுங்கள். நிச்சயதார்த்தம் நடந்திருக்கக்கூடும். 18 வயதுக்குள் திருமணம் சட்ட விரோதம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அண்டை வீட்டாரும் போன் செய்யலாம். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள், போகிற ஊரிலுள்ள அரசுப் பள்ளியில் பாதி வருடத்திலும் பிள்ளையைச் சேர்க்கலாம். மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லை என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. கிளம்புவதற்கு முன் பழைய பள்ளியில் எந்த ஊருக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டால் எமிஸ் எனப்படும் மாணவர் விவரப் பதிவை மாற்றுவதும் எளிது.

முழு வருகைக்குப் பரிசு தருவதால் பிள்ளைகள் ஒழுங்காக வருவார்கள் என்ற நம்பிக்கை பல பள்ளிகளில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பரிசுக்காகக் காய்ச்சலோடு வந்து வகுப்பு முழுவதற்கும் ஒட்டிவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் செய்த ஓர் ஆய்வில், முழு வருகைக்காகச் சான்றிதழ் பெற்ற மாணவர்களின் வருகை அதற்குப் பிறகு சற்றுக் குறைந்ததாகவே தெரியவந்தது. ஒரு நாளும் லீவ் போடாத பிள்ளையாக உங்கள் மகனை மாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. சித்தப்பா கல்யாணத்துக்குப் பிள்ளை போகத்தான் வேண்டும். முகூர்த்தத்துக்கு ஒரு நாள் போதும், முதல் நாள் அழைப்புக்கும் மறுநாள் விருந்துக்கும் சேர்த்து மூன்று நாள் போடும்போதுதான் கணக்கு ஏறிவிடுகிறது.

கடைசியாக, லீவைப் பள்ளிக்கு எப்படிச் சொல்வது என்று பார்ப்போம். பிள்ளை வராத அன்று காலை மணி அடிப்பதற்குள் வகுப்பாசிரியருக்கு ஒரு போனோ வாட்ஸ்அப் செய்தியோ போதும்: பெயர், வகுப்பு, பிரிவு, என்ன காரணம், எப்போது திரும்புவான். பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி அனுப்புவதை நம்பாதீர்கள், அவன் மறந்துவிடுவான். திரும்பி வரும் நாளில் உங்கள் கையெழுத்தோடு லீவ் லெட்டர் கொடுத்தனுப்புங்கள். செய்தி அன்றைய தகவலுக்கு, லெட்டர் பள்ளியின் கோப்புக்கு. பிள்ளையே எழுதி உங்கள் கையெழுத்தைப் போடாமலிருக்க இரண்டும் வேண்டும். முன்கூட்டியே தெரிந்த லீவ் என்றால் முந்தைய வாரமே சொன்னால், அந்த நாட்களில் என்ன நடத்துவார்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். மதியத்தில் அழைத்துப்போக வேண்டியிருந்தால் நீங்களே நேரில் போய்க் கையெழுத்துப் போட்டு அழைத்து வாருங்கள், ஆளனுப்பாதீர்கள். காலை வருகையும் பிற்பகல் வருகையும் தனித்தனியாகக் குறிக்கப்படுவதால் அரைநாளும் கணக்கில் வரும். உண்மையான காரணத்தையே எழுதுங்கள். கல்யாணத்தைக் காய்ச்சல் என்று எழுதினால், அடுத்த முறை உண்மையாகவே காய்ச்சல் அடிக்கடி வரும்போது ஆசிரியரால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. இந்த வாரம் பள்ளிக்குப் போகும்போது அந்த 14 நாளும் எந்தெந்தத் தேதி என்று வகுப்பாசிரியரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதில் எத்தனை திங்கட்கிழமை என்று எண்ணிப் பாருங்கள். மூன்றுக்கு மேல் இருந்தால் இங்கே மறுபடி எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பார்க்கலாம்.